தோட்டப்புற ஊரில் மிஷன் பொறுப்பு: குடும்பத்தோடு வருபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில் எங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை அது. காலை 9 மணிக்கு ஆலயத்தின் பின்னறையில் பாய் விரித்து, படங்களையும் வண்ணப் பென்சில்களையும் எடுத்து வைத்துவிட்டு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அரை மணி நேரம் கழித்துச் சபை மூப்பர் ஒருவர் எட்டிப் பார்த்து, "என்னம்மா உட்கார்ந்திருக்கீங்க? இன்னைக்குப் பள்ளிக்கூடமாச்சே" என்றார்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் அப்படித்தான். ஜொகூர்கூட 2014 முதல் அந்த முறையில் இருந்து, 2025-இல்தான் சனி, ஞாயிறுக்குத் திரும்பியது. இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது மூச்சு விடுவதைப் போல. அதனால் திருநெல்வேலியிலிருந்து வந்த எங்களிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் முதல் எங்கள் சொந்தப் பிள்ளைகளும் ஞாயிறு காலை சீருடை போட்டுக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினார்கள். அவர்களுடைய அப்பா ஆலயத்துக்குக் கிளம்பினார்.

நாங்கள் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு தாய்ச்சபை, சுற்றுவட்டாரத்தில் நான்கு கிளைக் கூட்டங்கள், ஒரு டியூஷன் வகுப்பு என்று மிஷன் பொறுப்பு முழுவதும் என் கணவருடையது. வீடு எங்கள் இருவருடையது. இந்த 11 ஆண்டுகளில் நான் கற்றதில் பெரியது இதுதான்: ஊழியத்தால் குடும்பம் களைத்துப்போவதற்குப் பாதிக் காரணம் நேரம் பொருந்தாததுதான். சபையார் வேலை முடித்து வீடு திரும்பும் நேரமும் நம் பிள்ளைகள் நம்மைத் தேடும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. இதை வந்த முதல் மாதத்திலேயே உட்கார்ந்து பேசிச் சரிசெய்ய வேண்டும். மூன்றாம் ஆண்டில் செய்யப் போனால் சபையாரும் வருந்துவார்கள், பிள்ளைகளும் அதற்குள் பேசுவதைக் குறைத்திருப்பார்கள்.

படி 1: கிளம்பும் முன் காகிதங்கள்

சுற்றுலா விசாவில் வந்து ஊழியத்தைத் தொடங்கிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சமய ஊழியர்களுக்கு மலேசியக் குடிநுழைவுத் துறை தொழில்முறை வருகை அனுமதி என்ற ஒன்றைத் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களை அழைக்கும் இங்குள்ள திருச்சபை. அனுமதி கையில் வந்த பிறகுதான் டிக்கெட்.

மனைவி, பிள்ளைகளின் அனுமதியைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். பலர் கேட்க மறப்பது இதைத்தான். மனைவி ஊரில் ஆசிரியையாகவோ நர்ஸாகவோ வேலை பார்த்தவராக இருக்கலாம். இங்கே தனி வேலை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. இது தெரிந்தே அவர் சம்மதித்து வருவது வேறு, வந்த பிறகு தெரிந்துகொள்வது வேறு. நான் தெரியாமல் வந்தேன். முதல் ஆண்டு என் மனம் பட்ட பாட்டை இன்னொரு பெண் படக்கூடாது என்று நினைக்கிறேன்.

திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலும் கைப்பையில் வரட்டும். எல்லோருடைய பாஸ்போர்ட், அனுமதி முடியும் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். மிஷன் வேலையில் முதலில் மறந்துபோவது சொந்தக் காரியம்தான்.

படி 2: ஊரின் கடிகாரத்தைப் படியுங்கள்

தோட்டம் என்றாலே லயம் என்னும் வரிசை வீடுகளும் பால்மரம் என்னும் ரப்பர் மரமும் தமிழ்க் குடும்பங்களும் என்ற படத்தோடு நாங்கள் வந்தோம். அந்தப் படம் பழையது. பால்மரம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. லயத்தைவிட்டு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் இருக்கிறார்கள். சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறுகிறார்கள். தோட்டத்தில் இன்று குலை வெட்டுவோரில் பலர் இந்தோனேசியர்கள், வங்காளதேசிகள், நேப்பாளிகள்.

ஆகவே ஒரே சபைக்குள் மூன்று கடிகாரங்கள் ஓடுகின்றன. பால் வெட்டப் போகிறவர் விடியுமுன்பே எழுந்துவிடுவார், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மதியம் 2 மணிக்கு அவர் வீட்டில் இருப்பார், இரவு 9 மணிக்குத் தூங்கிவிடுவார். தொழிற்சாலைக்காரருக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை வகுப்பு. இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலம், அங்கே விடுமுறை சனி, ஞாயிறு. இரு பக்கமும் சொந்தக்காரர்கள் இருப்பதால், எல்லோருக்கும் பொதுவான ஒரே விடுமுறை சனிக்கிழமைதான். கல்யாணம், நிச்சயம், வட்டாரக் கூட்டம் எல்லாம் சனிக்கிழமையில் வந்து விழும்.

முதல் நான்கு வாரம் எதையும் மாற்றாமல், யார் எப்போது வீட்டில் இருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அப்புறம் மூப்பர்களோடு உட்கார்ந்து வாரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாரம் இப்படி அமைந்தது. வெள்ளி காலை முதல் மாலை 4 வரை குடும்பத்துக்கு. சனி முழுவதும் மிஷனுக்கு. ஞாயிறு காலை பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது பிரசங்கத் தயாரிப்பு, மாலை 5.30-க்கு ஆராதனை. செவ்வாயும் வியாழனும் இரவில் கிளைக் கூட்டம். பால் வெட்டுகிற குடும்பங்களைப் பார்க்கப் பிற்பகல் 3.30-க்கு மேல். மற்ற இரவுகளில் அவர் வீட்டில்.

இதில் எங்களுக்குப் பெரிதும் உதவிய மாற்றம் சாப்பாட்டு நேரம். ஊரில் இரவு உணவும் குடும்ப ஜெபமும் சேர்ந்தே நடக்கும், நாங்களும் அப்படியே வளர்ந்தோம். இங்கே வந்த புதிதில் இரவு 7 முதல் 10 வரை அவரை வீட்டில் பிடிக்கவே முடியவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் "சாப்பிட்டுத்தான் போகணும் ஐயா" என்று தட்டை வைத்துவிடுவார்கள், மறுத்தால் மனம் நோவார்கள். ஆறு மாதம் நானும் பிள்ளைகளும் மட்டும் இரவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பிறகு குடும்பச் சாப்பாட்டைப் பிற்பகல் 2.30-க்கு மாற்றினோம். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், நான், அவர் நான்கு பேரும் மேசையில். சாப்பிட்டு முடித்து அங்கேயே ஒரு கீர்த்தனை, ஒரு வேதபகுதி, ஜெபம். 3.15-க்கு எழுந்துவிடுவோம். கைப்பேசி அலமாரிக்குள் இருக்கும். மிஷன் தலைவர் 2.30-க்குக் கிடைக்கமாட்டார் என்பது இன்று ஊருக்கே தெரியும்.

படி 3: வீட்டுக்கு உள்ளே ஒரு வீடு

போதகர் இல்லத்தின் கதவு திறந்தே இருக்கும் என்பது நம் சபைகளின் எதிர்பார்ப்பு. அதை நான் நேசிக்கிறேன். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் குறைவாக இருந்த காலத்தில், கடிதம் வாசிக்கவும் படிவம் நிரப்பவும் ஜனங்கள் போதகரிடம்தான் வந்தார்கள். இன்றும் அடையாள அட்டைச் சிக்கல், மின்கட்டண பாக்கி, பிள்ளையின் பள்ளி மாற்றம் என்று வருகிறார்கள். வரட்டும்.

வீட்டின் முன்கூடத்தை அவர்களுக்குக் கொடுங்கள். ஒரு மின்விசிறி, ஆறு நாற்காலி, தண்ணீர், பேனா, படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல ஒருவர். அதற்கு அப்பால் ஒரு திரையோ கதவோ இருக்கட்டும். அதற்குப் பின்னால் யாரும் வரக்கூடாது, சபையின் மூத்த பாட்டியும்கூட. இதைச் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் தைரியம் வரவில்லை. சொன்னபோது அந்தப் பாட்டியே, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, பாஸ்டரம்மா" என்றார்.

முன்கூடத்தில் பேசுவது பிள்ளைகள் காதில் விழக்கூடாது. சம்சு குடித்த புருஷன் அடித்தது, மகள் ஓடிப்போனது, இவற்றைப் பத்து வயதுப் பிள்ளை கேட்டுவிட்டு மறுநாள் அதே வீட்டுப் பிள்ளையோடு வகுப்பில் உட்கார வேண்டும். 'வெளியே சொல்லாதே' என்று அவன்மேல் பாரம் வைப்பதைவிட, அவன் கேட்காதபடி நாம் எழுந்து ஆலயத்துக்குப் போய்ப் பேசுவது எளிது.

இரவு 10-க்கு மேல் எது அவசரம் என்று மூப்பர்களோடு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மரணம், விபத்து, மருத்துவமனை, தற்கொலை எண்ணம், அடிபட்டு வாசலில் நிற்கும் பெண். இவ்வளவுதான். மற்றது காலையில். அழைப்பை ஏற்பதும் ஒரே ஆளாக இருக்கவேண்டாம். எங்களிடம் நான்கு மூப்பர்கள் வாரம் மாற்றி எடுக்கிறார்கள். அடிபட்டு வரும் பெண்ணுக்கு உடனே இடம் கொடுங்கள், அதே நேரத்தில் 15999 என்ற தாலியான் காசே அரசு உதவி எண்ணுக்கும் அழையுங்கள். காவல் நிலையத்துக்குப் போகவேண்டியிருந்தால் சபைப் பெண் ஒருவர் கூடப் போகட்டும். புருஷன் தேடி வந்து கதவைத் தட்டும் வீட்டில் நம் பிள்ளைகளும் தூங்குகிறார்கள் என்பதை மறக்கவேண்டாம்.

படி 4: காய்ச்சல் வீட்டுக்குள் வரும்முன்

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள்.

டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. தேங்கிய தெளிந்த நீர் போதும். முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒருநாள், தவறாமல் ஒரே நாளில், வீட்டைச் சுற்றிப் பத்து நிமிடம் நடந்துவாருங்கள். பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்னுள்ள நீர்த்தட்டு, கூரைப் பீலி, பழைய டயர், தேங்காய்த் தொட்டி, ஆலயத்தின் பூச்சாடிகள். பக்கத்தில் கைவிட்ட பால்மரங்கள் இருந்தால் மரத்தில் தொங்கும் பால் கோப்பைகளில் மழைநீர் நிற்கும். அவற்றைக் கவிழ்க்கத் தோட்டத்தாரிடம் சொல்லுங்கள். இந்தக் கொசு அதிகமாகக் கடிப்பது காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும். மாலை 5.30 ஆராதனைக்குப் பிள்ளைகளுக்கு நீளக்கை சட்டை போடுங்கள்.

காய்ச்சல் வந்துவிட்டால் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபுபுரோபனும் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நீர் ஆகாரம் நிறையக் கொடுங்கள். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள், மறுநாளும் செய்யச் சொன்னால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள். முக்கியமானது இதுதான்: டெங்கியில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது, மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். அப்போது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்ந்து கிடப்பது, சிறுநீர் குறைவது இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

எங்கள் சின்னவனுக்கு ஏழு வயதில் வந்தது. ஐந்தாம் நாள் காலை உடம்பு குளிர்ந்திருந்தது. ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு, அவனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் கிளைக் கூட்டத்துக்குப் போனோம். இரவு திரும்பியபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அவன் நான்கு நாள் வார்டில் இருந்தான், தேவன் அவனைத் திருப்பிக் கொடுத்தார். அன்று அந்தக் கூட்டத்துக்கு நாங்கள் போயிருக்கக்கூடாது. காய்ச்சல் தணிந்து இரண்டு முழு நாள் ஆகும்வரை பெற்றோரில் ஒருவர் கட்டிலருகே இருப்பது எங்கள் வீட்டில் இன்று மாறாத சட்டம்.

சபையார் பப்பாளி இலைச் சாறு கொண்டுவருவார்கள். அன்போடு வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் மருத்துவமனையை அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். அரசு மருத்துவமனையில் குடிமக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. வெளிநாட்டவருக்குப் பல மடங்கு, முன்பணமும் உண்டு. குடும்பம் முழுவதற்கும் மருத்துவக் காப்புறுதி எடுத்துத்தர வேண்டும் என்று அழைப்புக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும் உண்டு. வெள்ளம் வடிந்த கால்வாயில் பிள்ளைகள் வெறுங்காலோடு இறங்கக்கூடாது. செம்பனைக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் நாகமும் மலைப்பாம்பும் வரும். இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்கவேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், கடிபட்ட காலை அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

படி 5: பிள்ளைகளும் பள்ளியும்

மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன, அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை. நம் பிள்ளைகள் தமிழிலேயே தொடக்கக் கல்வி பெறக்கூடிய வெளிநாடு இது. இதை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டுப் பிள்ளையைச் சேர்க்கக் கல்வி இலாகாவின் அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். பள்ளி ஆண்டு 2026 முதல் மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஜூனில் வந்து இறங்கினால் ஆண்டின் நடுவில் நுழைய வேண்டியிருக்கும்.

சிரமம் மலாய்மொழியில் வரும். இடைநிலைப்பள்ளி மலாயில்தான் நடக்கிறது, அதன் முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் சான்றிதழுக்கு மலாய்மொழியில் தேர்ச்சி கட்டாயம். பத்து வயதுக்குள் வரும் பிள்ளை சமாளித்துவிடும். பதினான்கு வயதில் ஒரு பிள்ளையைக் கொண்டுவருவதாக இருந்தால், அந்தப் பிள்ளையிடமே கேட்டு முடிவெடுங்கள். ஊரில் தாத்தா பாட்டியோடு இருந்து பத்தாம் வகுப்பை முடித்துவிட்டு வருவது தவறில்லை.

அப்புறம், 'பாஸ்டர் பிள்ளை' என்ற பெயர். கீபோர்டு வாசிக்க ஆள் இல்லையா, பாஸ்டர் மகன். நாற்காலி அடுக்க ஆள் இல்லையா, பாஸ்டர் மகள். மற்றப் பிள்ளைகளுக்கு உள்ள முறை வரிசையில்தான் நம் பிள்ளையும் என்று மூப்பர்களிடம் சொல்லிவிடுங்கள். பிரசங்கத்தில் பிள்ளையின் கதையைச் சொல்லுமுன் அவனிடம் அனுமதி கேளுங்கள். என் மகள் ஒருமுறை "வேணாம்ப்பா" என்றாள். அவர் அந்தப் பகுதியை அடித்துவிட்டு வேறு எழுதினார். அதற்குப் பிறகுதான் அவள் அவரிடம் எல்லாவற்றையும் பேச ஆரம்பித்தாள்.

படி 6: பணம்

மிஷன் கணக்கும் வீட்டுக் கணக்கும் ஒரே பையில் ஒருநாள்கூடத் தங்கக்கூடாது. காணிக்கையை இருவர் எண்ணட்டும், அந்த இருவரில் உங்கள் குடும்பத்தார் யாரும் இருக்கவேண்டாம்.

இங்கே பெண்கள் நடுவே கூட்டுப் பணம் பிடிப்பது பழக்கம். ஊரில் நாம் சீட்டு என்று சொல்வது. அன்பாகத்தான் கூப்பிடுவார்கள். 1971-ஆம் ஆண்டே இதைத் தடைசெய்து சட்டம் வந்துவிட்டது, சேராதீர்கள். ஆலோங் என்னும் வட்டிக்காரரிடம் மாட்டிக்கொண்ட குடும்பம் உங்களிடம் வந்தால், உணவும் பள்ளிச் செலவும் கொடுங்கள், போலீசில் புகார் செய்யத் துணையாகப் போங்கள். ஜாமீன் கையெழுத்து மட்டும் போடவேண்டாம். உங்கள் முகவரி அவர்கள் கைக்குப் போய்விடும்.

படி 7: அக்கம்பக்கம்

கூட்டரசு அரசியலமைப்பின் 11-ஆவது விதி சமயச் சுதந்திரத்தைத் தருகிறது. அதே விதியின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு இடம் தருகிறது. மிஷன் குடும்பம் இதைப் பிள்ளைகளுக்கும் விளக்கவேண்டும். மலாய் நண்பனை ஞாயிறு பள்ளிக்கு அழைப்பதும், கதைப் புத்தகம் கொடுப்பதும் கூடாது. அந்தப் பிள்ளையின் வீட்டாரை அது எவ்வளவு பதறவைக்கும் என்று சொல்லிக்கொடுங்கள். நட்புக்குத் தடையேதும் இல்லை. நோன்புப் பெருநாளுக்குப் போங்கள். கிறிஸ்மஸுக்கு அவர்கள் வந்தால் ஹலால் முத்திரையுள்ள பிஸ்கட்டும் பெட்டிப் பானமும் புதிய தட்டில் வையுங்கள். நாங்கள் மாக் சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மா இல்லாவிட்டால், டெங்கி வார்டில் இருந்த அந்த நான்கு நாளும் என் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்திருக்காது.

இந்துச் சொந்தங்கள் இல்லாத சபைக் குடும்பம் இங்கே அபூர்வம். தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா நாளில் நம் ஒலிபெருக்கியை அணைத்துவிடுங்கள். சாவு வீட்டுக்கு முதலில் போங்கள், கடைசிவரை இருங்கள், கூப்பிட்டால் மட்டும் பேசுங்கள்.

படி 8: கணவனும் மனைவியும்

திங்கள் மதியம், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது, நாங்கள் இருவரும் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். மிஷனைப் பற்றிப் பேசக்கூடாது என்று ஏற்பாடு. முதல் சில வாரம் பேச எதுவுமே இல்லாமல் ரசத்தைக் குடித்துக்கொண்டிருந்தோம். அது எங்களைப் பயமுறுத்தியது. பயந்ததால்தான் விடாமல் போனோம்.

மனைவிக்குச் சபைக்கு வெளியே ஒரு தோழி வேண்டும். என் தோழி காலைச் சந்தையில் காய்கறி விற்கிறவர். "பசியாறியாச்சா?" என்று அவர் கேட்பதில்தான் என் செவ்வாய்க்கிழமை தொடங்கும். இங்கே காலை உணவுக்கு இருக்கிற அந்தச் சொல் எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. அவரிடம் நான் பாஸ்டரம்மா இல்லை, பேரம் பேசத் தெரியாத தங்கச்சி.

ஊரில் இருக்கும் பெற்றோரோடு பேச நேரம் குறித்துவிடுங்கள். மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். இங்கே இரவு 9.30 என்றால் அங்கே மாலை 7. ஒருவர் உடனே ஊருக்குப் போய்வரும் அளவு பணத்தைத் தனியாக வைத்திருங்கள், எதற்கும் தொடாதீர்கள். என் அப்பா இறந்தபோது அந்தப் பணம் இருந்தது. அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

படி 9: அடுத்தவருக்கு ஒரு நோட்டு

மாற்றம் ஒருநாள் வரும். பிள்ளைக்கு எஸ்பிஎம் ஆண்டாக இருந்தால் அதைத் தலைமைக்கு ஓர் ஆண்டு முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வந்த நாள்முதல் ஒரு நோட்டு வைத்து எழுதிவாருங்கள். எந்தக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவு அன்றே கிடைக்கும், குப்பை லாரி எந்தக் கிழமை வரும், மழைக்காலத்தில் எந்தத் தோட்டச் சாலை மூழ்கும், இடி இடித்தால் எந்த மின்சுவிட்சை அணைக்க வேண்டும், புத்தக அலமாரியில் எந்தத் தட்டு பூஞ்சணம் பிடிக்கும், நள்ளிரவில் பிள்ளையை யார் வீட்டில் விடலாம். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில், அடுத்து வரப்போகும் பாஸ்டரம்மாவுக்கு என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்: ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் உண்டு.